பதினொரு மீற்றர்கள்

குவாரி வீதியில் பூட்டு விற்கிறேன்.
ஏழு லீவர், ஒன்பது லீவர், சீனத்துப் பித்தளை.
வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி:
“இதை உடைக்கேலாதுதானே?”
ஏலாது என்று சொல்லி ரசீது எழுதுவேன்.
ஊரில் களவு கூடினால்
எங்களுக்குப் போனஸ்.

வைகாசியில் என் வீட்டுத் தண்ணீர் மீற்றரைக்
கழற்றிக்கொண்டு போனான் ஒருவன்.
கொட்டாஞ்சேனை, தொடர்மாடி, மூன்றாம் தட்டு.
விடிய எழும்பினால் படிக்கட்டு முழுக்க ஆறு.
“பொலிஸ் துண்டு கொண்டுவாங்கோ,
புது மீற்றர் தருவம்” என்றது தண்ணீர்ச் சபை.
கள்ளனைப் பிடிக்க அல்ல,
துண்டு வாங்கத்தான் போனேன்.

வாங்கில் மூன்று மணித்தியாலம்.
நான் சொல்லச் சொல்ல சார்ஜன் சிங்களத்தில் எழுதினார்.
என் வாயால் போனது
வட்டம் வட்டமாய்ச் சுருண்டு தாளில் கிடந்தது.
பேசுவேன், சந்தைச் சிங்களம்; வாசிக்க வராது.
விளங்கியது இலக்கங்கள் மட்டும்:
அடையாள அட்டை, திகதி, மீற்றர் 1.
கையெழுத்து வைத்தேன்.

என் வாசல் அவர்களுக்குத் தெரியாததல்ல.
ஒரு காலம் கூப்பிடாமலே வந்தார்கள்.
இரவு இரண்டு மணி, கதவில் துவக்குப் பிடி,
கட்டிலுக்குக் கீழே டோர்ச்,
எத்தனை தலை, எந்த ஊர், கொழும்பில் என்ன வேலை.
சாரத்தோடு ஜீப்பில் ஏறின அத்தான்
பதினெட்டு நாள் கழித்து
வேறொருவருடைய சேட்டோடு வந்தார்.
அது ஆருடையது என்று
இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.
இப்போது கூப்பிட்டாலும் வருவதில்லை.
இதில் எதற்கு நான் குறைப்படுவது?

பத்தாவது மீற்றரும் போன கிழமை
விமலசூரிய கூட்டம் வைத்தார்.
இரவுக்கு நான்கு பேர், ஆளுக்கொரு விசில்.
ஃபஸ்மினா இஞ்சித் தேத்தண்ணி.
நான் கயிறு கொண்டுவந்தேன்,
நீல நைலோன், இருபது யார், கடைக் கழிவோடு.
எதற்குக் கயிறு என்று ஒருவரும் கேட்கவில்லை.
பொய் சொல்ல மாட்டேன், அந்த இரவுகள் பிடித்திருந்தன.
பதினாறு வருசம் ஒரே படியில் ஏறி இறங்கினோம்,
அப்போதுதான் ஆளுக்காள் பேர் தெரிந்தது.

பிடிபட்டவனுக்குப் பதினேழு இருக்கும்.
பையில் ஒரு மீற்றர், ஒரு குறடு, கடித்த பணிஸ்.
விளக்குக் கம்பத்தில் கட்டினோம்.
தபசு காலத்தில் சிலுவை சுமக்கும் பேர்ட்ரம்தான்
முதல் அடித்தார்.
பிறகு யார் யாரென்று எண்ணவில்லை.
நானும் ஒன்று அடித்தேன்.
எங்கே பட்டதென்று கேட்காதீர்கள்.

அவன் சத்தம் நின்றபோதுதான்
ஒன்று ஒன்று ஒன்பதை அழுத்தினேன்.
கள்ளனைப் பற்றிச் சொல்ல அல்ல,
எங்களைப் பற்றிச் சொல்ல.

பதினான்கு நிமிடத்தில் ஜீப் வந்தது.
அவ்வளவு கெதியாய் வரமுடியுமென்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
கயிற்றை அவிழ்த்தார்கள்.
அவிழ்த்த பிறகும்
அவன் கம்பத்தை விடவில்லை.
இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து,
காக்கியைப் பார்த்து, எங்களைப் பார்த்து,
எங்கள் பக்கமாகவே ஒதுங்கினான்.
விரல் விரலாகக் கழற்றினார்கள்,
மீற்றரைக் கழற்றுவதுபோல.

திரும்பவும் அதே வாங்கு, அதே சார்ஜன், வட்ட எழுத்து.
விமலசூரிய வைத்தார். பேர்ட்ரமும் வைத்தார்.
என் முறைக்குத் தாள் வந்தது.
இலக்கத்தைத் தேடினேன்: மீற்றர் 11.

“ஒன்றுதானே சேர், அவன் பையில்?”

“எல்லாம் ஒரே கைதான், நங்கி.
பதினொரு வீட்டுக்கும் துண்டு கிடைக்கும்,
கையெழுத்தைப் போடுங்க.”

உள் அறையில் ஒரு கதிரை இழுபட்டது.
பேனையை எடுத்தேன்.
அதை மேசைக்காலோடு கட்டியிருந்தார்கள்,
கொஞ்சத் தூரம்தான் வந்தது.